கண்மாயில் மேலாக ஓடும் லூர்: மதுரைப் பக்கம் விரால் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

லூர் (நிஜ இரைக்குப் பதிலாகக் கட்டும் செயற்கை இரை) போட்டு விரால் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த லூர் வாங்கலாம், எந்தக் கலர் நல்லா அடிக்கும்?" என்றுதான். மதுரைச் சுற்றுவட்டாரக் கண்மாய்களைப் பொறுத்தவரை அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்த லூர் எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது? கரைக்கு எதிரே தண்ணீர் மேடேறி முடிகிற உள்வாய்ப் பக்கம் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுகூட இருக்காது. இருக்கிற தண்ணீரிலும் அடியில் சேறு, நடுவில் பாசி, மேலே தாமரை இலையும் ஆகாயத்தாமரையும். விரால் வேட்டையாடுவது அந்த மேல் ஒரு முழத் தண்ணீரில்தான். அதற்குக் கீழே இறங்குகிற லூர் எவ்வளவு விலையுள்ளதாக இருந்தாலும் பாசியைத்தான் வாரிக்கொண்டு வரும்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க மேலாக ஓடும் லூரைப் பற்றியது. தண்ணீர்மேல் மிதக்கும் தவளை லூரில் தொடங்கி, அரை அடி, ஒரு அடி மட்டும் இறங்கும் மின்னோ (சின்ன மீன் வடிவக் கெட்டி லூர்) வரை. கடைசியில், இதே சாமானை மூட்டை கட்டிக்கொண்டு ராமநாதபுரம் கடலோரத்துக்குப் போனால் என்ன மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

விரால் ஏன் மேலே வருகிறது

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. அவ்வப்போது மேலே வந்து வாயால் காற்றை விழுங்கியே ஆக வேண்டும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். கெண்டையும் கட்லாவும் வாழ முடியாத, ஆக்சிஜன் வற்றிய கலங்கல் குட்டையில் அது சுகமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். கோடையில் கண்மாய் காய்ந்தால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் கோடையில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சனம் மொத்தமும் இறங்கிக் கண்மாயைத் துழாவிவிடும். "இனி இந்தக் கண்மாயில் ஒண்ணும் இல்லை" என்று நினைப்போம். அடுத்த மழைக்குத் தண்ணீர் பெருகியதும் விரால் மறுபடி இருக்கும். சேற்றில் தப்பிக் கிடந்தது பாதி, வரத்துக் கால்வாய் வழியாக ஏறி வந்தது பாதி.

இன்னொரு விஷயம், அது துரத்தி வேட்டையாடுகிற மீன் அல்ல. பதுங்கிக் கிடந்து பாய்கிற மீன். தாமரை இலை நிழலில், கோரை வேரடியில், மடைத்தூண் ஓரத்தில் அசையாமல் நிற்கும். தலைக்கு மேலே தவளை, தட்டான், சின்னக் கெண்டை எது கடந்தாலும் கீழிருந்து மேலே அடிக்கும். லூர் அதன் தலைக்கு மேலே ஓடினால்தான் அதற்குத் தெரியும். இவ்வளவுதான் அடிப்படை, மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

எப்போது போவது

ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் வைகைத் தண்ணீருக்கும் கண்மாய்கள் நிரம்பும். மறுகால் பாயும் நாட்களில் ஊரே உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கில் நிற்கும், ஆனால் லூருக்கு அது நல்ல நேரம் இல்லை. தண்ணீர் கலங்கலாக இருக்கும். மீனும் பரப்பு முழுக்கச் சிதறிவிடும். தை பிறந்து தண்ணீர் தெளிந்து, ஓரமாகக் கொடியும் இலையும் படர்ந்த பிறகுதான் நம் காலம். தையிலிருந்து பங்குனி வரை எனக்கு மிகவும் பிடித்த மாதங்கள். சித்திரையில் தண்ணீர் சுருங்கி மீன் ஒரே இடத்தில் கூடும். அடி அதிகம் விழும், ஆனால் மீன் தளர்ந்திருக்கும், குத்தகைக்காரரும் வலையோடு நிற்பார். ஆடியில் காற்று எறிந்த லூரைத் திருப்பி முகத்திலேயே கொண்டுவந்து போடும். அந்த மாதம் ரீலுக்கு எண்ணெய் போட்டு வைத்துவிடலாம்.

நாளில், விடிந்து ஒன்பது மணி வரை ஒரு வேளை. நாலரைக்குமேல் இருட்டும் வரை ஒரு வேளை. நடு மத்தியானத்தில் விரால் அடிக்காது என்பது பொய். திறந்த தண்ணீரில் அடிக்காது, அவ்வளவுதான். உச்சி வெயிலில் அது தடித்த இலைப்பரப்புக்கு அடியில் நிழலில் நிற்கும்; இலைமேல் தவளையை ஏற்றிவிடத் தெரிந்தவருக்கு அப்போதும் மீன் உண்டு. வெயில் தாங்குகிற உடம்பு வேண்டும்.

தண்ணீருக்கு முன்னால் ஆளைப் பாருங்கள்

கண்மாய் பொதுச் சொத்துதானே என்று நேராகப் போய் ராடை (தூண்டில் கோலை) நீட்டக் கூடாது. பெரும்பாலான கண்மாய்களில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கிற உரிமை, ஏலம் விடப்படுகிறது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறையின் கையில் இருக்கும். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேரும். ஏலம் எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்க்கிறார். அவரைக் கேட்காமல் ஒரு ஜிலேபிக் கெண்டை பிடித்தாலும் திருட்டுத்தான்.

கேட்கிற விதத்தில் இருக்கிறது எல்லாம். கரையில் ஆடு மேய்க்கிறவரிடமோ டீக்கடையிலோ, "அண்ணே, இந்தக் கம்மா மீன்பாசி யாருண்ணே எடுத்திருக்கா?" என்றால் ஆளைக் காட்டுவார்கள். காவலுக்கு இருக்கிறவரிடம் லூரை எடுத்துக் காட்டுங்கள். "என்னப்பா, பொம்மைய வச்சா மீனு பிடிக்கப்போற?" என்று சிரிப்பார். அவர் விட்டது கட்லா, ரோகு. நாம் தேடுவது அவர் குஞ்சைத் தின்கிற விரால். இதை எடுத்துச் சொன்னால் பல பேர் தாராளமாகவே விடுவார்கள். பிடித்ததில் ஒன்றை அவர் வீட்டுக் குழம்புக்குக் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் அவரே போன் போட்டு "கரை ஓரம் வெரா துள்ளுது தம்பி" என்பார்.

சில இடங்களுக்குப் போகவே வேண்டாம். அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-ல் அறிவிக்கப்பட்ட ஊர். அங்கே பார்க்க நிறைய இருக்கிறது, தூண்டில் தேவையில்லை. சாமநத்தம் கண்மாய் மாதிரி பறவைகள் கூடும் தண்ணீரில், கூடு கட்டும் காலத்தில் பிரெய்டு நரம்பை (இழைகளாகப் பின்னிய தூண்டில் நூலை) எறிவது பெரும் பாவம். காலில் சுற்றினால் நாரைக்குக் கால் போய்விடும். வைகை அணையில் மீன்பிடி உரிமை தனி. அனுமதி இல்லாமல் ராடை உறையிலிருந்து எடுக்காதீர்கள். நகருக்குள் இருக்கிற வண்டியூர், செல்லூர் கண்மாய்களில் சாக்கடை கலப்பது ஊரறிந்தது. அங்கே எறிந்து பழகலாம், மீனைத் தின்ன முடியாது.

கண்மாயைப் படிப்பது

கண்மாய் ஆற்றையோ அணையையோ போல இல்லை. தாழ்ந்த பக்கம் கரை. எதிர்ப்பக்கம் தண்ணீர் ஏறி மேடாக முடிகிற உள்வாய். கரைக்கு மண் எடுத்ததும் கரையடியிலேயே என்பதால் ஆழம் எப்போதும் கரை ஓரம்தான். உள்வாய்க்குப் போகப் போக ஆழம் குறையும், செடி கூடும். விராலுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பகுதிதான் வீடு: முழங்காலிலிருந்து இடுப்பு வரை தண்ணீர், மேலே இலை, இடையிடையே கை அகலத் திறப்பு.

கண்மாய்க்குப் போனதும் எறிய ஆரம்பிக்காதீர்கள். கரையில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். "ப்ளக்" என்று ஒரு சத்தமும் மெல்லிய வட்டமும் வந்தால் விரால் காற்றுக் குடித்துவிட்டுப் போகிறது. வட்டம் வந்த இடத்தில் எறியாதீர்கள், தலையில் விழுந்தால் ஓடிவிடும். அது போகிற பக்கத்தைக் கணித்து ஐந்தாறு அடி தாண்டி எறிந்து, அதன் வழியில் லூரைக் கொண்டு வாருங்கள். இலைக்கு அடியில் "சப்பு சப்பு" என்று சத்தம் கேட்டால் அது வேட்டை. கெண்டைக் குஞ்சுகள் திடீரென்று சிதறித் துள்ளினாலும் அதுவே.

எங்கே எறிவது என்று ஒரு வரிசை சொல்ல வேண்டுமானால் என் வரிசை இது. முதலில் மடை. மடைத்தூணைச் சுற்றி நிழலும் கல் இடுக்கும் இருக்கும். பாசனத்துக்குத் திறந்திருந்தால் மெல்லிய ஓட்டமும் இருக்கும். அடுத்து, தாமரைக் கூட்டம் திறந்த தண்ணீரைத் தொடுகிற விளிம்பு. அதிலும் நேர் விளிம்பைவிட மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற முனை. அப்புறம், தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரத்தின் அடி. வரத்துக் கால்வாய் கண்மாய்க்குள் நுழையும் வாய், புதுத் தண்ணீர் வருகிற நாளில் மட்டும். திறந்த நடுத் தண்ணீரை அப்படியே விட்டுவிடலாம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் எறியும் தூரத்தைக் காட்ட அங்கேதான் எறிவார்கள்.

ராடு, ரீல், நரம்பு

தக்கையும் தங்கூசியும் (நைலான் நரம்பு) கட்டிப் பழகியவர்களுக்கு இதில் கொஞ்சம் குழப்பம் வரும், ஏனென்றால் மெலிசாக இருந்தால் நல்லது என்கிற பழக்கம் இங்கே உதவாது. விராலின் தாடை எலும்பு கெட்டி. அது கவ்வியதும் அடுத்த வேலை இலைக்குள் தலையை விடுவதுதான். தூண்டில் முள்ளைத் தாடையில் ஏற்றவும், மீனைச் செடியோடு சேர்த்துத் தூக்கவும் பலம் வேண்டும்.

ராடு ஆறரை முதல் ஏழு அடி, மீடியம் ஹெவி, அதாவது சற்றுக் கெட்டியானது. ரீல் பெய்ட்காஸ்டராக (உருளையே சுழன்று நரம்பை விடுகிற வகை) இருந்தால் சௌகரியம். பழகாதவர் 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. நரம்பு பிரெய்டு, 30 முதல் 50 பவுண்டு. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். தங்கூசி இழுக்க இழுக்க நீளும். இருபது மீட்டர் தள்ளி இலைக்குள் மீன் கவ்வும்போது நாம் சுண்டுகிற சுண்டில் பாதியை அந்த நீட்சியே தின்றுவிடும். பிரெய்டு நீளாது, தாமரைத் தண்டை அறுத்துக்கொண்டு வரும், தண்ணீரில் மிதக்கும். மிதப்பதும் முக்கியம், மூழ்கும் நரம்பு லூரின் மூக்கைக் கீழே இழுக்கும்.

தவளை லூருக்கு லீடர் (நரம்புக்கும் லூருக்கும் நடுவில் கட்டும் தனித் துண்டு) தேவையில்லை. பிரெய்டை நேராகப் பாலோமர் முடிச்சில் கட்டுங்கள், முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குங்கள். தெளிந்த தண்ணீரில் மின்னோ போடும்போது மட்டும் இரண்டு முழம் மோனோ (தங்கூசி) லீடர், டபுள் யூனி முடிச்சில். மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கிற அளவைக் கட்டுப்படுத்தும் டிராகை நன்றாக இறுக்கி வையுங்கள். விராலை ஓடவிட்டு விளையாடுகிற இடம் இது இல்லை.

இதோடு நீள மூக்குப் பிளையர், லிப் கிரிப் (மீனின் தாடையைப் பிடிக்கும் கிடுக்கி), சின்ன வெட்டுக் கத்தரி. மொத்தத்தில் முதல் செட்டுக்கு மிதமான விலையில் முடித்துக்கொண்டு, மிச்சப் பணத்தை பெட்ரோலுக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

லூர்

பெட்டியில் நாலு வகை போதும். அதிலும் முதல் வகையை வைத்தே முக்கால்வாசி நாள் ஓட்டிவிடலாம்.

முதலாவது, உள்ளே காற்றடைத்த ரப்பர் தவளை. முள் இரண்டும் மேல்நோக்கி முதுகை ஒட்டிப் படுத்திருக்கும். இலைமேல் ஏறி இறங்கினாலும் மாட்டாது. மீன் கவ்வி உடம்பு நசுங்கும்போதுதான் முள் வெளியே வரும். நம் கண்மாய்களுக்கு அளந்து செய்தது போன்ற சாமான்.

இரண்டாவது ஜம்ப் ஃபிராக். தாய்லாந்துக்காரர்கள் விராலுக்காகவே உருவாக்கியது. சின்ன உடம்பு, பின்னால் ஒரு தகடு, விடாமல் இழுத்தால் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு வரும். செடி குறைவான இடத்தில் வேகமாகப் பரப்பைத் துழாவ இதுபோல் வேறில்லை. அடர்ந்த பாசியில் மாட்டும்.

மூன்றாவது, முள்ளை உடம்புக்குள் புதைத்த ரப்பர் மீன் அல்லது புழு. எடை சேர்க்காமல் போட்டால் தண்ணீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே மெல்ல ஓடும். இதன் முக்கிய வேலை, தவளையை அடித்துத் தவறவிட்ட மீனுக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுப்பது.

நாலாவது, குட்டை உதடு (மூக்கடியில் நீட்டியிருக்கும் தகடு) வைத்த மிதக்கும் மின்னோ. மூன்று முள் கொத்து இரண்டு தொங்குவதால் செடிக்குள் உதவாது. கரையின் கல் பதித்த ஓரம், மடை முகப்பு, செடி இல்லாத விளிம்பு ஆகிய இடங்களுக்கு மட்டும். இதை வாங்கும்போது உதட்டைப் பாருங்கள். நீளமான, உடம்போடு நேராக நீட்டிய உதடு ஆழத்துக்கு இழுக்கும். குட்டையாக, கீழ்நோக்கிச் செங்குத்தாக இறங்கிய உதடு மேலாக ஓட்டும். அட்டையில் 0 முதல் 30 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தால் நமக்கானது.

கலர்? மங்கல் வெளிச்சத்தில் கறுப்பு, வெயிலில் தவளைப் பச்சை அல்லது வெள்ளை. கீழிருந்து பார்க்கிற மீனுக்கு லூரின் வயிறும் நிழலும்தான் தெரியும். முதுகில் வரைந்திருக்கிற பூவேலை கடைக்கு வருகிற நம்மைப் பிடிப்பதற்கு.

வாங்கிய லூரைத் தயார் செய்வது

தவளையை அட்டையிலிருந்து பிரித்த கையோடு எறிந்துவிடாதீர்கள். உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் முதுகை அழுத்துங்கள். அழுத்தியதும் இரண்டு முள் நுனியும் கை தொடுகிற அளவுக்கு எழ வேண்டும். எழவில்லை என்றால் ரப்பர் கெட்டி. பத்து நிமிஷம் வெந்நீரில் போட்டெடுத்து இரண்டு நாள் அழுத்தி அழுத்திப் பழக்குங்கள். முள் உடம்புக்குள் மிகவும் அமுங்கியிருந்தால் பிளையரால் நூலளவு வெளியே விரியுங்கள். அதிகம் விரித்தால் இலை மாட்டும்.

கால்களாகத் தொங்கும் ரப்பர் இழைகளில் ஒரு பக்கத்தை ஒரு விரற்கடை குறைத்து வெட்டினால் தவளை வலம் இடமாக நடக்கும். நேராக வருவதைவிட இது நல்லது. நாலைந்து மீன் கடித்த பிறகு முள் துளை வழியாகத் தண்ணீர் ஏறி லூர் பின்பக்கமாக மூழ்கும். ஒவ்வொரு எறிக்கும் முன்னால் ஒருமுறை பிழிந்துவிட்டு எறிவது பழக்கமாகிவிட வேண்டும்.

மின்னோ ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் மூக்கில் இருக்கிற கம்பி வளையத்தைப் பிளையரால் மிக லேசாக வளைக்க வேண்டும். லூர் தன் வலப்பக்கம் ஓடினால் வளையத்தை அதன் இடப்பக்கம். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். கொத்து முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டினால் பாசியும் குறையும், மீனை விடுவதும் சுலபம். எல்லா முள்ளின் கொக்கிப் பல்லையும் பிளையரால் நசுக்கி விடுங்கள். நரம்பைத் தளரவிடாமல் இருந்தால் மீன் கழறாது. உங்கள் கையில் ஏறினால் ஆஸ்பத்திரி போகாமல் உருவலாம்.

மின்னோவை இன்னும் மேலாக ஓட்ட வேண்டுமா? ராடு நுனியைத் தூக்கிப் பிடியுங்கள், மெதுவாகச் சுற்றுங்கள், லீடரைத் தடிமனாக்குங்கள். மூன்றும் லூரை மேலே நிறுத்தும். நுனியை உயர்த்தி மெல்ல இழுத்தால் தண்ணீர்மேல் ஆங்கில "வி" போட்டுக்கொண்டு, முதுகு தெரிய வரும். சாயங்காலத்தில் விராலை அதிகம் சீண்டுவது இதுதான்.

எறிவதும் இழுப்பதும்

மீன் நிற்கும் இடத்தைத் தாண்டி எறிய வேண்டும். திறப்புக்கு நேராக அல்ல, அதற்குப் பின்னால் இருக்கிற இலைமேல். லூர் இலையில் விழுந்தால் சத்தம் குறைவு. அங்கிருந்து இழுத்துத் திறப்புக்குள் இறக்கினால், நிஜத் தவளை இலையிலிருந்து தண்ணீருக்குள் குதித்தது மாதிரியே இருக்கும்.

திறப்புக்குள் விழுந்ததும் நிறுத்துங்கள். பத்து எண்ணும் வரை ஒன்றும் செய்யாமல் இருப்பது சொல்லும்போது எளிது. வட்டங்கள் அடங்கட்டும். பிறகு ராடு நுனியால் இரண்டு சின்ன வெட்டு, மறுபடி நிறுத்தம். அடர்ந்த இலைப்பரப்பில் இப்படி நிறுத்தி நிறுத்தி. திறந்த விளிம்பில் நிற்காமல் ஒரே சீராக. இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

ஒரே இடத்தில் எத்தனை முறை எறிவது? மடை மாதிரி நம்பிக்கையான இடம் என்றால் கோணம் மாற்றி நாலைந்து தடவை. சாதாரண விளிம்பு என்றால் இரண்டு. அப்புறம் நடங்கள். கண்மாயில் நிறைய நடக்கிறவருக்குத்தான் நிறைய மீன். கரைமேல் நடக்கும்போது உங்கள் நிழல் தண்ணீரில் விழாமல், கால் தடதடக்காமல் நடங்கள். கரை அதிர்வு தண்ணீருக்குள் போகும்.

அடி விழுந்ததும்

நிறைய மீன் தப்புவது இந்த ஒரு விநாடியில்தான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

தவளை இலை விளிம்பில் நிற்கிறது. பக்கத்து இலை ஒன்று, காற்றே இல்லாமல், மெல்ல அசைகிறது. தண்டில் ஏதோ உரசிப் போகிறது. அடுத்த இலையும் அசைகிறது, உங்கள் லூரை நோக்கி. பிறகு தண்ணீர் வெடிக்கிறது; இலைத் துண்டுகள் தெறிக்கின்றன; லூரைக் காணோம். கை தானாக ராடைப் பின்னால் வெட்டும். வெட்டினீர்களோ, தவளை வெறுமையாகப் பறந்து வந்து உங்கள் நெஞ்சில் விழும்.

விரால் அடித்த நொடியில் லூர் அதன் வாய்க்குள் முழுதாக இருப்பதில்லை. பல நேரம் இலையையும் சேர்த்துக் கவ்வியிருக்கும். கவ்வியதைத் திருப்பி உள்ளே இழுத்துக்கொண்டு தலையைக் கீழே விடும். அதுவரை பொறுக்க வேண்டும். அடி விழுந்ததும் ராடு நுனியை லூரை நோக்கித் தாழ்த்துங்கள். தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுங்கள். நரம்பு நகர்கிறதா, நுனியில் கனம் தெரிகிறதா என்று பாருங்கள். கனம் தெரிந்ததும், இடுப்பைத் திருப்பி, முழு உடம்பாலும் சுண்டி வெட்டுங்கள். அரை மனதாக அல்ல. கண்ணால் பார்த்து வெட்டாமல் கையில் உணர்ந்து வெட்டுவதுதான் முழு வித்தை. சத்தத்துக்கு வெட்டாதே, கனத்துக்கு வெட்டு.

மின்னோவுக்கும் ஜம்ப் ஃபிராக்குக்கும் இந்தப் பொறுமை தேவையில்லை. முள் வெளியே இருப்பதால் சுற்றிக்கொண்டே வந்து கனம் ஏறியதும் சாதாரணமாக இழுத்தால் போதும்.

அடித்துத் தவறியதா? லூரைச் சுற்றி எடுத்துவிடாதீர்கள். அங்கேயே விட்டு லேசாக ஒரு நடுக்கம் கொடுங்கள். வராவிட்டால் ரப்பர் மீனை அதே ஓட்டையில் போட்டு மூழ்கவிடுங்கள். அதுவும் இல்லையென்றால் இடத்தைக் குறித்துக்கொண்டு அரை மணி கழித்து வாருங்கள். விரால் தன் இடத்தை விட்டு அதிக தூரம் போகாது.

கரையேற்றுவது

முள் ஏறியதும் மீனின் தலையைத் திருப்ப விடாமல் வேகமாகச் சுற்றி, அதை இலைகளின் மேலாகச் சறுக்கிக் கொண்டுவர வேண்டும். தலை மேலே இருக்கிற வரை அது செடிக்குள் போக முடியாது. செடிக்குள் போய்விட்டால் ராடால் இழுத்து உடைக்காதீர்கள். நரம்பை இறுக்கமாக வைத்துக்கொண்டு சற்றுப் பொறுத்தால் பல நேரம் தானே நகரும். கரையருகே கடைசியாக ஒரு துள்ளு துள்ளித் தலையை உதறும். அப்போது ராடைத் தாழ்த்திப் பிடியுங்கள்.

பிடித்த கையோடு விரலை வாய்க்குள் விடாதீர்கள், பல் இருக்கிறது. லிப் கிரிப் போட்டு, ஈரக் கையால் வயிற்றைத் தாங்குங்கள். கரையில் போட்டால் பாம்பு மாதிரி நெளிந்து தண்ணீர் பக்கமே போகும். காற்றைக் குடிக்கிற மீன் என்பதால் ஈரச் சாக்கில் நெடுநேரம் உயிரோடு கிடக்கும். சமைப்பதற்கு என்றால் தலையில் ஒரே அடியில் கொன்றுவிடுங்கள், துடிக்க விட்டு வீடு வரை கொண்டுபோவது எதற்கு? வழவழப்புப் போகச் சாம்பலோ கல் உப்போ போட்டுத் தேய்த்துக் கழுவினால் தோல் சுத்தமாகும்.

விட்டுவிட வேண்டிய மீன்

மழைக்காலத்திலும் அதற்குப் பின்னும், உலை கொதிப்பது போல ஓரிடத்தில் தண்ணீர் குமுறிக்கொண்டே நகர்ந்தால் அது விரால் குஞ்சுக் கூட்டம். செம்மஞ்சளாக நூற்றுக்கணக்கில் ஒன்றாகக் காற்றுக் குடிக்க எழும். கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் அடிக்கும். பசியால் இல்லை, காவலுக்காக. இதைத் தேடிப்போய்ப் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பெற்ற மீன் போனால் குஞ்சுக் கூட்டத்தை ஜிலேபியும் மற்றதும் சேர்ந்து தின்று முடித்துவிடும். ஒரு மீனுக்காகக் கண்மாயின் அடுத்த வருஷத்தையே விற்கிற வேலை அது. குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் எதிர்க்கரைக்குப் போய்விடுங்கள்.

கையளவு மீனையும் விடுங்கள். குறவை வந்தால் உங்கள் விருப்பம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தால் மட்டும் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். நம் ஊர் மீனையெல்லாம் தின்று அழிக்கிற அதை வளர்க்கவே தடை இருக்கிறது.

காலும் உயிரும்

வெறும் செருப்போடு போகக் கூடாது, கெட்டியான ஷூ வேண்டும். கருவேல முள் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறும். கரைப் புல்லில் கண்ணாடி விரியன் படுத்திருக்கும்; தண்ணீரில் தலைதூக்கிப் போகிற தண்ணீர்ப்பாம்புக்கு விஷம் இல்லை, ஆனால் புல்லில் கிடப்பது எது என்று பார்க்காமல் கால் வைக்காதீர்கள்.

மாட்டிய லூருக்காகத் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது. கண்மாய்களில் மண் அள்ளிய குழிகள் இருக்கின்றன. முழங்கால் தண்ணீர் அடுத்த எட்டில் இரண்டாள் ஆழமாகிவிடும். நீச்சல் தெரிந்தவரையும் சேறு பிடித்துக்கொள்ளும். லூர் போனால் போகிறது.

எறிவதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள். கரையை ஒட்டிப் பம்ப்செட்டுக்குப் போகிற மின்கம்பிகள் தாழ்வாகத் தொங்கும். இந்த ராடுகளில் இருக்கிற கார்பன் மின்சாரம் கடத்தும். இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரைமேட்டிலிருந்து இறங்கித் தண்ணீரை விட்டு விலகிவிடுங்கள்.

இதே லூரைக் கடலோரத்துக்கு எடுத்துப்போனால்

தேவிபட்டினம், தொண்டி, மண்டபம் எல்லாம் மதுரையிலிருந்து காலையில் கிளம்பி மாலை திரும்பக்கூடிய தூரம். பாக் விரிகுடா பெரும்பாலும் ஆழம் குறைந்த கடல். கரையோரம் கடற்புல் படர்ந்து கிடக்கும். புல்லுக்கு மேலே ஒரு முழம் தண்ணீர் என்பதால் கண்மாய்க் கணக்கு இங்கேயும் செல்லும். மேலாக ஓடும் மின்னோவும் பாப்பரும் (தண்ணீர்மேல் சத்தத்தோடு தெறிக்கவிடும் லூர்) போதும். கொடுவா, பாரை, சீலா மூன்றும் இதற்கு வரும். முரல் லூரின் பின்னாலேயே வந்து வந்து கடுப்பேற்றும்.

மாற்ற வேண்டியவை சில. இங்கே நேரத்தை ஓதம், அதாவது கடலின் ஏற்ற வற்றம், தீர்மானிக்கும். ஏற்றத்தில் மடவைக் குஞ்சுகள் கரைக்கு வரும்போது, கழிமுக வாயில் நில்லுங்கள். லீடர் கட்டாயம், சீலாவின் பல் பிரெய்டை ஒரே கடியில் அறுக்கும். டிராகைத் தளர்த்துங்கள், பாரை ஓடும், ஓட இடமும் இருக்கிறது. தண்ணீரில் நடந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்தபடி நடங்கள். மணலில் புதைந்திருக்கிற திருக்கை விலகிப் போய்விடும், மிதித்தால்தான் கொட்டும். பேத்தை மாட்டினால் பிளையரால் கழற்றி விடுங்கள், விஷமுள்ள மீன், சமைக்கக் கூடாது. மன்னார் வளைகுடாப் பக்கம் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா; படகுக்காரர் கூப்பிட்டாலும் அங்கே போகாதீர்கள்.

வீடு திரும்பியதும் ரீலின் டிராகை இறுக்கி மூடிக்கொண்டு நல்ல தண்ணீரில் மெல்லக் கழுவி, துடைத்து, நிழலில் காய வைத்து, பிறகு டிராகைத் தளர்த்தி வையுங்கள். கடலுக்குப் போன லூர்களை விரால் தவளைகளோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள்; ஒரு முள்ளில் ஒட்டியிருக்கிற உப்பு ஒரு வாரத்தில் பெட்டி முழுக்கத் துருவேற்றிவிடும்.